டிலே பெடலை மொட் பண்ணக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

கொழும்பில் ஒரு திருத்தகத்திலிருந்து மொட் பண்ணி, அதாவது உள்ளே பாகங்களை மாற்றி, வந்த டிலே பெடல் (வாசிக்கும் ஒலியை எக்கோவாகத் திருப்பித் தரும் கால் பெட்டி) ஒன்றைத் திறந்து பார்த்தோம். எக்கோவை உண்டாக்கும் பிடி2399 என்ற ஐசி (சிப்) உள்ள சாதாரண பெடல். மேடையில் லூப்பரோடு (வாசித்ததைப் பதிந்து சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும் பெடல்) வாசிக்கவென்று நான்கு வேலை செய்ததாகப் பற்றுச்சீட்டு சொல்கிறது: ஒரு செக்கன் டிலே, 18 வோல்ட், ட்ரூ பைபாஸ் (பெடலை நிறுத்தினால் ஒலி உள் சுற்றைத் தொடாமல் நேரே வெளியே போவது), அமுக்கினால் எக்கோ பெருகும் கால் சுவிட்ச். காசு வாங்கிய ஒரு வேலையும் மேடைக்கு உதவாது.

முதலில் அந்த ஒரு செக்கன். டைம் குமிழின் 50 கிலோ ஓம் பொட்டை (திருப்பினால் தடை மாறும் பாகம்) கழற்றி 100 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த ஐசியின் 6ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலுள்ள தடைதான் எக்கோ நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 28 கிலோ ஓமில் 340 மில்லிசெக்கன். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோ ஓமுக்கும் 11, 12 மில்லிசெக்கன் கூடும். 85 கிலோ ஓம் அளவில் ஒரு செக்கன் வந்துவிடும். ஆனால் உள்ளேயிருக்கும் நினைவகம் அதே 44 கிலோபிட்தான். நேரத்தை இழுக்க இழுக்க ஐசியின் வேகத்தை நடத்தும் குளொக் மெதுவாகிறது, இரைச்சல் ஏறுகிறது, கோர்ட் வாசித்தால் எக்கோ மணல் கொட்டுவதுபோல் உதிர்கிறது. சுத்தமான நீண்ட டிலே வேண்டுமானால் இரண்டு ஐசியைத் தொடராக இணைக்க வேண்டும், அதற்கு வேறு போர்ட் தேவை. உண்மையில் மேடைக்கு ஒரு செக்கன் அவசியமே இல்லை. 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 அடி) டொட்டட் எய்த், அதாவது முக்கால் அடி, 450 மில்லிசெக்கன். 37 கிலோ ஓம் போதும்.

பொட்டை மாற்றும்போது அதோடு தொடரிலிருந்த சிறிய ரெசிஸ்டரையும் தூக்கிவிட்டார்கள். குமிழ் கடைசிக் குறைவில் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் ஐசி பூட்டிக்கொள்ளும், எக்கோவே வராது. குறைந்தது 2 கிலோ ஓம் தொடரில் இருக்க வேண்டும்.

18 வோல்ட் கதை இன்னும் மோசம். இந்த ஐசி, வோல்ட்டைக் குறைத்து நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் கொடுக்கும் 5 வோல்ட்டில் ஓடுவது. வெளியே எவ்வளவு கொடுத்தாலும் எக்கோவுக்கு ஒரு பலனும் இல்லை. போர்டில் இருந்ததோ 16 வோல்ட் கெபாசிட்டர்கள். அவை ஊதி வெடிக்கலாம்.

ட்ரூ பைபாஸ் என்றதும் பலர் தரம் கூடுகிறது என்று நம்பிக் காசு கொடுக்கிறார்கள். டிலேக்கு அது பெரும்பாலும் கெடுதல்: பெடலை நிறுத்தியவுடன் எக்கோவின் வால் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். வால் தொடர்ந்து ஒலிக்க வேண்டுமானால், நேர் ஒலி பஃபர் (ஒலியைப் பலவீனமாகாமல் கடத்தும் சுற்று) வழியே எப்போதும் வெளியே போக, சுவிட்ச் டிலேக்குள் போகும் ஒலியை மட்டும் வெட்ட வேண்டும். இங்கே அதுவும் இல்லை, உள்வரும், வெளிவரும் பக்கங்களில் மிச்ச மின்னேற்றத்தைக் கிரவுண்டுக்கு வடிக்கும் 1 மெக் ஓம் புல் டவுன் ரெசிஸ்டர்களும் இல்லை. விளைவு, மிதிக்கும்போதெல்லாம் ‘டொக்’. பின்னால் லூப்பர் பதிவுசெய்துகொண்டிருந்தால் அந்த ‘டொக்’ லூப்புக்குள் ஏறி, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப அடிக்கும். லூப்பை அழித்தால்தான் போகும். மலிவான ரெசிஸ்டர்கள் இரண்டு இல்லாததால் ஒரு பாட்டே பாழாகிறது.

எக்கோ பெருக்கும் சுவிட்சுக்கு, அமுக்கும்வரை மட்டும் இணையும் மொமென்ரரி சுவிட்ச் வேண்டும். போட்டிருந்தது ஒருமுறை மிதித்தால் அப்படியே நிற்கும் லெட்சிங் வகை. எக்கோ எத்தனை தரம் திரும்ப வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபீட்பெக் பொட்டின் கால்களை நேரே ஷோர்ட் பண்ணியுமிருக்கிறார்கள். கால் எடுத்தாலும் அலறல் நிற்காது, ஸ்பீக்கருக்கும் ஆபத்து. தொடரில் 50 கிலோ ஓம் ட்ரிம் பொட் (உள்ளேயே திருப்பி வைக்கும் சிறிய பொட்) வைத்து, ஒலி மெல்ல ஏறும்படி திருப்பி வைப்பதே சரியான வேலை.

மிச்சக் காசைக் கொடுக்க முதல், மல்டிமீட்டரோடு கடையிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். 9 வோல்ட் கொடுத்தால் ஐசியின் 1ஆம் காலில் 5 வோல்ட், 2ஆம் காலில் அதில் பாதி இருக்க வேண்டும். கரண்டைக் கழற்றி, டைம் குமிழைக் குறைவில் வைத்து, 6ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு அளந்து பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் திருப்பிக் கொடுங்கள். குமிழைக் குறைவிலேயே வைத்துப் பத்துத் தடவை கரண்டைப் போட்டு எடுங்கள், ஒவ்வொரு தடவையும் எக்கோ வர வேண்டும். பிறகு லூப்பரைப் பின்னால் மாட்டி, ரெக்கோர்டில் வைத்து, ஒன்றும் வாசிக்காமல் டிலேயை மட்டும் நாலு தரம் மிதித்துவிட்டு லூப்பை ஓடவிட்டுக் கேளுங்கள், ‘டொக்’ இருக்கக் கூடாது. கழற்றிய பாகங்களையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். எதை மாற்றினார்கள், எதைத் தொடவேயில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.