14 மடிக்கணினிகளுக்கு டெபியன்: சொந்த ஷெல் ஸ்கிரிப்டா, பிரீசீட் விடைக்கோப்பா?

ஈப்போவிலிருந்து குவாலா கங்சார் செல்லும் பழைய சாலையில், ஒரு காலத்தில் பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்திருக்கும் தோட்டப்புற நகரம் சுங்கை சிப்புட். இங்கே கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் நடக்கும் மாலை வகுப்புக்கு, ஈப்போவில் ஓர் அலுவலகம் தான் கழித்த 14 மடிக்கணினிகளைக் கொடுத்தது. அவற்றில் ஒன்பது திங்க்பேட் எக்ஸ்220, ஐந்து டி430. 2011, 2012ஆம் ஆண்டுகளில் சந்தைக்கு வந்த மாடல்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இவற்றில் இல்லை. செயலிகளும் அதன் பட்டியலில் வருவதில்லை. ஆகவே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது என்பதில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. எந்த வழியில் நிறுவுவது என்பதில்தான் பல வாரங்கள் போயின.

இத்தகைய ஒப்பீடுகளில் வேகத்தையே முதல் அளவுகோலாக வைப்பார்கள். எங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. பிற்பகலில் இடியும் மழையும் வந்தால் மின்சாரம் போகிறது. இணையம் நினைத்தபோது தளர்கிறது. நான் ஊரில் இல்லாத நாளில் ஒரு மாணவரோ ஆசிரியரோ அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே நான் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: எதிர்பாராத ஒன்று எதிரே வரும்போது இது நின்று கேட்கிறதா, அல்லது தானாகவே முடிவெடுத்துக்கொண்டு மேலே போகிறதா?

முதலில் எடுத்துக்கொண்டது சொந்தமாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. பென்டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் டெபியனை (டெபியன் லினக்ஸின் ஒரு வகை) தொடங்கி, எஸ்எஃப்டிஸ்க் கருவி கொண்டு வட்டைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, கோப்பு முறைமையை உருவாக்கி, அதை மவுன்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து), டெபூட்ஸ்ட்ராப் மூலம் அடிப்படை அமைப்பை இறக்கி, சிஎச்ரூட் கட்டளை வழியாக அந்த அமைப்புக்குள் போய், லினக்ஸின் மையமான கெர்னலையும் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் பூட்லோடரையும் பொருத்துவது அதன் வழி. டெபூட்ஸ்ட்ராப்பே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான் என்பதால், அடிமுதல் நுனிவரை என்ன நடக்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட முடியும். இதில் கிடைக்கும் தெளிவு வேறு எந்த வழியிலும் கிடைப்பதில்லை. லினக்ஸ் கற்க விரும்பும் எவரும் ஒரு முறையாவது இப்படி நிறுவிப் பார்க்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

குறிப்பிட்ட வன்பொருளுக்கென எழுதும்போது இதன் வலிமை நன்றாகத் தெரியும். கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்களைக் கெர்னல் ‘சிஸ்’ என்ற கோப்பு மரத்தில் டிஎம்ஐ என்ற பிரிவில் வைக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அங்குள்ள ‘புராடக்ட் நேம்’ கோப்பைப் படித்தால் மாடல் பெயர் வந்துவிடும். திங்க்பேடில் அந்தக் கோப்பில் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வகைக்குறிதான் இருக்கும். ‘திங்க்பேட் எக்ஸ்220’ என்று மனிதர் படிக்கும் பெயர் ‘புராடக்ட் வெர்ஷன்’ கோப்பில் இருக்கும். இது தெரியாமல் எழுதிய என் முதல் ஸ்கிரிப்ட் ஒன்பது கணினிகளில் ஒன்றையும் அடையாளம் காணவில்லை.

மாடல் தெரிந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்220 ஒரே ஒரு வைஃபை அட்டையோடு வந்த மாடல் அல்ல. சிலவற்றில் இன்டெல் சென்ட்ரினோ 6205 இருக்கும். சிலவற்றில் ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ இருக்கும். இரண்டுக்கும் வேண்டிய ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள்மென்பொருள்) வெவ்வேறு மென்பொருள் பொதிகளில் வருகிறது. ஆகவே ஸ்கிரிப்ட் மாடலை மட்டும் நம்பாமல் வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விடையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பூட் முறைக்கும், அதாவது கணினி தொடங்கும் முறைக்கும், அப்படித்தான். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்கியிருந்தால் சிஸ் மரத்தில் இஎஃப்ஐ கோப்புறை இருக்கும். பழைய பயாஸ் முறையென்றால் இருக்காது. இரண்டு முறைகளுக்கும் பார்ட்டிஷன் அமைப்பும் கிரப் நிறுவலும் மாறுபடுவதால், ஸ்கிரிப்டில் இரண்டு கிளைகளையும் நாமே எழுதி, இரண்டையும் நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது.

இதே வழியின் அபாயத்தை இரண்டு முறை நேரில் கண்டேன். முதல் முறை, வட்டின் பெயரை எஸ்டிஏ என்று ஸ்கிரிப்டில் நேராக எழுதி வைத்திருந்தேன். கெர்னல் வட்டுகளுக்கு எழுத்துப் பெயர் கொடுப்பது அவற்றைக் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்தது. அந்த வரிசை நிலையானது அல்ல. அன்று வெளிவட்டு ஒன்று யூஎஸ்பியில் செருகப்பட்டிருந்தது. எஸ்டிஏ என்ற பெயர் அதற்குப் போயிற்று. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தமிழ்மொழிக்காக ஆசிரியை ஒருவர் பல ஆண்டுகளாகத் தொகுத்திருந்த பயிற்சித் தாள்கள் அதில் இருந்தன. ஸ்கிரிப்ட் ஒரு சொல்லும் கேட்காமல் அதன் பார்ட்டிஷன் அட்டவணையை அழித்து, புதிய கோப்பு முறைமையை எழுதிவிட்டது. தாள்களில் ஒரு பகுதி வேறொரு பென்டிரைவில் இருந்ததால் மீண்டன, மற்றவை போயின. அந்த ஆசிரியை என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, அடுத்த தடவை கேட்டுட்டுச் செய்” என்று மட்டும் சொன்னார். நான் மேலே எழுதிய அளவுகோல் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கழற்றக்கூடிய வட்டுகளைத் தவிர்த்தால் போதும் என்று பலர் கூறுவார்கள். அது போதாது. சிஸ் மரத்தில் உள்ள ‘ரிமூவபிள்’ கொடி பென்டிரைவுக்கு 1 என்று காட்டும்; யூஎஸ்பி வெளிவட்டுக்கோ பெரும்பாலும் 0 என்றே காட்டும். ஒவ்வொரு வட்டின் பெயரும் சிஸ் மரத்தில் எந்த முழுப் பாதைக்குச் சுட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பாதையில் யூஎஸ்பி என்ற சொல் வந்தால் அதைத் தொடாமல் விடுவதே நம்பகமான வழி. எக்ஸ்220க்குள் எம்சாட்டா என்ற சிறு வட்டு ஒன்றையும் பொருத்த முடியும் என்பதால், யூஎஸ்பியை நீக்கிய பின்னும் இரண்டு உள்வட்டுகள் மிஞ்சலாம். அப்போது எது சரி என்பதை ஸ்கிரிப்ட் ஊகிக்கக் கூடாது.

இரண்டாவது நிகழ்வில் எதுவும் அழியவில்லை. ஒரு மாலை முழுதும் வீணாயிற்று. பிழை வந்தால் உடனே நின்றுவிடட்டும் என்று ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் மைனஸ் ஈ’ என்ற கட்டளையை எழுதியிருந்தேன். ஆனால் ஒரு ஃபங்ஷனை ‘இஃப்’ நிபந்தனைக்குள்ளோ ‘அல்லது’ குறியின் இடப்பக்கத்திலோ வைத்து அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் இந்தப் பாதுகாப்பு முழுவதும் செயலிழந்துவிடும். என் ஸ்கிரிப்டில் அதுதான் நடந்தது. வட்டை மவுன்ட் செய்யும் வரி தோற்றது, ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. டெபூட்ஸ்ட்ராப் வெறும் கோப்புறைக்குள், அதாவது லைவ் அமைப்பின் நினைவகத்திற்குள், முழு அமைப்பையும் இறக்கத் தொடங்கியது. இணைய வேகம் குறைந்த ஊரில் அத்தனை பொதிகளும் இறங்கி, நினைவகம் நிரம்பிய பிறகுதான் தவறு தெரிந்தது. மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் தனியே சோதிக்கும் ஒரு வரி அன்று இருந்திருந்தால் இது நடந்திராது. ஷெல்லின் இயல்பு இதுதான். வெற்று மாறியை வெற்றாகவே விரித்துவிட்டு அது அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதுபவரே முன்கூட்டி நினைத்துச் சொல்ல வேண்டும்.

டெபியன் நிறுவியின் பிரீசீட் முறை இதற்கு நேர் எதிரான இயல்பு உடையது. நிறுவி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை ஒரு கோப்பில் எழுதி, பூட் செய்யும்போது அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அது விடைகளை எடுத்துக்கொண்டு தானே நிறுவிக்கொள்கிறது. ஒரு விடையை எழுத மறந்துவிட்டாலோ கேள்வியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டாலோ, நிறுவி அந்த இடத்தில் நின்று திரையில் கேட்கிறது. கேள்விகளின் முன்னுரிமை வரம்பை ‘கிரிட்டிக்கல்’ என்று உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பல கேள்விகளுக்கு நிறுவி இயல்பு விடையை எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்வி கூடுதலாக வருவதால் நட்டம் எதுவும் இல்லை.

வன்பொருள் வேறுபாடுகளையும் நிறுவியே பெருமளவு சமாளிக்கிறது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இலிருந்து, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இடம்பெறுகின்றன. எந்த அட்டைக்கு எது தேவை என்று நிறுவி கண்டறிந்து சேர்த்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலும் அப்படியே. இன்டெலா ரியல்டெக்கா என்று என் ஸ்கிரிப்டில் எழுதியிருந்த கிளைகள் எல்லாம் தேவையற்றுப் போயின. யூஇஎஃப்ஐயா பயாஸா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பார்ட்டிஷன்களை நம் விருப்பப்படி அமைக்கப் பிரீசீட்டில் எழுத வேண்டிய ‘ரெசிபி’ மிகவும் கடினமான மொழி. ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஏன் தோற்றது என்று புரிவதில்லை. எஸ்எஃப்டிஸ்கின் நான்கு வரி அதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு. நல்லவேளையாக, வகுப்பு மடிக்கணினிக்கு நிறுவியின் ஆயத்த அமைப்பே போதும். இன்னொன்று, பிரீசீட்டின் ஆவணத்திலேயே காட்டப்பட்டிருக்கும் ஒரு முன்மாதிரி வரி, கண்ணில் படும் வட்டுகளில் முதலாவதை எடுத்து நிறுவும்படி சொல்கிறது. பலர் அதை அப்படியே படியெடுக்கிறார்கள். பயிற்சித் தாள்களைத் தின்ற என் பழைய வரியும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான்.

நான் அந்த வரி இருந்த இடத்தில் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டை வைத்தேன். அது யூஎஸ்பி வட்டுகளைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை எண்ணுகிறது. ஒன்றே மிஞ்சினால் அதை விடையாகக் கொடுக்கிறது. இரண்டு மிஞ்சினால் எதையும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. விடை கிடைக்காத நிறுவி நின்று, வட்டுகளின் பெயரையும் அளவையும் திரையில் காட்டி, மனிதரைக் கேட்கிறது. நிறுவிக்குள் இருப்பது பிஸிபாக்ஸின் ஆஷ் என்ற சிறு ஷெல் என்பதால், வழக்கமான பாஷ் ஷெல்லுக்கே உரிய அரே முதலியவற்றைத் தவிர்த்துச் சாதாரண எஸ்எச் நடையில் எழுத வேண்டியிருந்தது. ஷெல்செக் கருவியிடம் கொடுத்துச் சரிபார்த்தபோது, நான் கவனிக்காத இரண்டு மேற்கோள் குறிப் பிழைகளை அது காட்டியது.

மொழி அமைப்பு தனியாகக் கவனிக்க வேண்டியது. டெபியனின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் வட்டார அமைப்பு உண்டு. மலேசியத் தமிழுக்கு இல்லை. இந்தியத் தமிழை அப்படியே வைத்தால் மெனுக்கள் தமிழில் வரும், பணக்குறி ரூபாயாக வரும். ஆகவே செய்திகளுக்குத் தமிழையும், பணத்திற்கும் தேதிக்கும் மலேசிய மலாய் அமைப்பையும் வைத்தேன். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் பொதியும் வேண்டும். இவை அனைத்தும் நிறுவல் முடியும் தறுவாயில் பிரீசீட் அழைக்கும் ‘லேட் கமாண்ட்’ வழியாக இன்னொரு சிறு ஸ்கிரிப்டில் நடக்கின்றன. அது பாதியில் தோற்றாலும் கணினி பூட் ஆகும். ஸ்கிரிப்டை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். மின்சாரம் போகும் ஊரில் இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் மதிப்புள்ளது.

மற்ற வழிகளில், லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஆட்டோஇன்ஸ்டால் என் மனத்தைக் கவர்ந்தது. 2014இல் 5.5 பதிப்போடு வந்த இந்த முறையில், இடப்பக்கம் நிறுவி கேட்கும் கேள்வி, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் விடை, எவரும் படித்துவிடலாம். வலையமைப்பு வழியாகப் பூட் செய்தால், அந்தக் கணினியின் மேக் முகவரியைப் (வலையமைப்பு அட்டையின் தனி அடையாள எண்) பெயராகக் கொண்ட விடைக்கோப்பை முதலில் தேடி, இல்லையென்றால்தான் பொதுக்கோப்புக்குப் போகும். குறிப்பிட்ட வன்பொருளுக்குக் குறிப்பிட்ட விடை என்பதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. நிறுவி முழுவதும் ஷெல்லில் எழுதப்பட்டது, படித்துக் கற்கத் தகுந்தது. ஆனால் விடை இல்லாத கேள்விக்கு அது இயல்பு விடையை எடுத்துக்கொள்ளும். வட்டுக் கேள்விக்கு இயல்பு விடை முதல் வட்டு. மேலும் அதன் அடிப்படை நூலகம் எழுத்துக் குறியாக்கத்தைத் தவிர வட்டார அமைப்பின் மற்றப் பகுதிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே பிள்ளைகளின் கணினிகளுக்கு வைக்காமல், வகுப்பின் இணைய வாயிலாக நிற்கும் ஒரு டி430க்கு மட்டும் அதை வைத்தேன். அங்கே அது மிகச் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

ஆல்பைன் லினக்ஸ் மிகச் சிறியது. அதன் செட்டப்-ஆல்பைன் ஸ்கிரிப்டும் விடைக்கோப்பை ஏற்கிறது, வட்டை அழிக்கும் முன் உறுதியும் கேட்கிறது. ஆனால் அதன் அடிப்படை நூலகமான மசலின் வட்டார ஆதரவு குறைவு என்பதால் தமிழ் வகுப்புக்கு அதைத் தள்ளினேன்.

ஒரு கணினியை முழுதாக அமைத்து, டிடி கட்டளையாலோ குளோன்சில்லாவாலோ மற்றவற்றுக்குப் படியெடுப்பதையே பலரும் பரிந்துரைத்தார்கள். இணையமே வேண்டாம் என்பது அதன் பெரிய சிறப்பு. ஆனால் அப்படிப் படியெடுத்தால் மெஷின் ஐடி, தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகள், பார்ட்டிஷன் அடையாளங்கள் எல்லாம் 14 கணினிகளிலும் ஒன்றாகிவிடும். சிஸ்டம்டியின் வலையமைப்புச் சேவை மெஷின் ஐடியிலிருந்தே, வலை முகவரி கேட்கும்போது காட்டும் டிஎச்சிபி அடையாளத்தை உருவாக்குவதால், இரண்டு கணினிகள் ஒரே முகவரிக்குப் போட்டியிடும் நிலையும் வரலாம். இவற்றையெல்லாம் துடைக்க மீண்டும் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். இணையச் சிக்கலுக்கு, இறங்கிய பொதிகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போதுமானதாக இருந்தது. வாயில் கணினிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மேசைக் கணினியில் அதை ஓட்டினால், ஒரு பொதி ஒரே முறைதான் வெளியிலிருந்து இறங்குகிறது. மற்றக் கணினிகள் அறைக்குள்ளேயே கேபிள் வழியாக எடுத்துக்கொள்கின்றன. விடைக்கோப்பும் இரண்டு ஸ்கிரிப்டுகளும் அதே மேசைக் கணினியில் இருக்கின்றன.

கடைசி எக்ஸ்220ஐ ஐந்தாம் படிவத்து மாணவி ஒருத்தி நிறுவினாள். அதில் எம்சாட்டா வட்டு இருந்தது எவருக்கும் தெரியாது. நிறுவி வட்டுக் கேள்வியில் நின்றது. “அண்ணே, ரெண்டு வட்டு காட்டுது, எதைத் தேர்ந்தெடுக்கிறது?” என்று ஈப்போவில் இருந்த எனக்குத் தொலைபேசியில் கேட்டாள். அளவைப் படிக்கச் சொன்னேன், பெரியதைத் தேர்ந்தெடுத்தாள், மழைக்கு முன்னால் நிறுவல் முடிந்தது.