வைஃபை காணாமல் போன பழைய லேப்டாப்: ஃபார்மட்டா, லைவ் பென்டிரைவா, லேமிங்டன் ரோடா?

நேற்றுவரை ஓடிய வைஃபை இன்று பட்டியலிலேயே இல்லை. ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திணறுகிறது. ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு ஓடினால் நெட் படுத்துவிடுகிறது. மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வைத்திருப்பது அண்ணன் படித்து முடித்துக் கொடுத்த லேப்டாப், இல்லையென்றால் ஆபீஸ்காரர்கள் கழித்துவிட்டு செகண்ட்ஹேண்டில் வந்த லேப்டாப். கோளாறு வந்ததுமே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். டிரைவர் அப்டேட்டர் போடு என்பார் ஒருவர், ஃபார்மட் அடி என்பார் இன்னொருவர், மூன்றாமவர் நேரே மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டுக்கு அனுப்புவார். (டிரைவர் என்பது வைஃபை கார்டு போன்ற ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்.)

கோளாறு எங்கே இருக்கிறது என்று எந்த வழி காட்டித் தருகிறதோ, அதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். இடம் தெரியாமல் செய்யும் வைத்தியம் பலித்தாலும், அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

இப்படிப்பட்ட கோளாறுகளில் பல, சாதனங்களோ டிரைவர்களோ ஒன்றோடொன்று மோதுவதால் வருபவை. அந்த மோதல் என்றால் என்ன என்பதும் மாறிப்போய்விட்டது. அந்தக் காலத்து பிசியில் ஐஆர்க்யூ எண்கள், அதாவது ஒவ்வொரு சாதனமும் ப்ராசஸரைக் கூப்பிடும் எண்கள், 0 முதல் 15 வரை மட்டும்தான். பிரிண்டர் போர்ட்டுக்கு 7, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, சவுண்ட் கார்டுக்கு வழக்கமாக 5. ஒரே எண்ணை இரண்டு பேர் கேட்டால் சண்டைதான். இன்று நாம் பழசு என்று சொல்லும் லேப்டாப்களில் ஒரே ஐஆர்க்யூவைப் பல பிசிஐ சாதனங்கள் பகிர்ந்துகொள்வது இயல்பு. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘கான்ஃபிளிக்ட்ஸ்/ஷேரிங்’ பக்கத்தைத் திறந்து, நீளமான பட்டியலைப் பார்த்து மதர்போர்டே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் பகிர்வுதான். இப்போதைய சண்டை வேறு மாதிரி: ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள், கம்பெனி கொடுத்த டிரைவரின் மேல் விண்டோஸ் அப்டேட் வந்து உட்கார்வது, பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) விதிக்கும் கட்டுப்பாடு, ரேடியோ இடைஞ்சல்.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்னும் காசில்லாமல் செய்து பார்க்க இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுப்பது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் லேப்டாப்பில் ஷட் டவுன் கொடுத்தால் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் கோளாறோடு சேர்ந்தே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். இரண்டாவது, அணைத்துவிட்டு, சார்ஜரையும் கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது. செத்துப்போனது போலக் கிடந்த வைஃபையும் யூஎஸ்பி போர்ட்டும் இதிலேயே உயிர்த்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். சாதனங்களையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் டிவைஸ் மேனேஜர், விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வரும் மெனுவிலேயே இருக்கிறது. மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தவுடன் ‘அப்டேட் டிரைவர்’ அழுத்துவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். அதைவிட அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள குறியீட்டு எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. 12தான் உண்மையான வளப் போட்டி: இன்னொரு சாதனத்தோடு மோதுகிறது, இரண்டில் ஒன்றை முடக்க வேண்டும். 43 என்றால் சாதனம் தன்னிடமே கோளாறு என்று சொல்லி, விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அப்டேட் வந்த மறுநாளே கோளாறு என்றால் டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் இருக்கும், அதுவே போதும். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் அங்கே இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய், மாடல் எண் கொடுத்து இறக்க வேண்டியதுதான். டிவைஸ் மேனேஜரின் குறை, 10, 43 போன்ற எண்கள் டிரைவர் கெட்டாலும் வரும், கார்டு கெட்டாலும் வரும். எது என்று அது சொல்லாது.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களை இந்தப் போட்டியில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. நன்றாக ஓடும் சாதனங்களுக்கும் ‘டிரைவர் பழசு’ என்று சிவப்பு எச்சரிக்கை காட்டி, பணம் கட்டச் சொல்லும் வகைதான் அதிகம். பழைய லேப்டாப்பின் டச்பேடுக்கும் ஹாட்கீகளுக்கும் கம்பெனி தனியாக மாற்றியமைத்த டிரைவர்தான் பொருந்தும். பொதுவான புதிய டிரைவர் அதன் மேல் ஏறினால் இல்லாத மோதல் ஒன்று புதிதாகப் பிறக்கும்.

ஃபார்மட், டிரைவர் குழப்பத்தைத் துடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கார்டு கெட்டிருந்தால் அரை நாள் வேலை வீண், பிள்ளையின் ப்ராஜெக்ட் ஃபைல்களும் போகலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத லேப்டாப்பில் 11ஐ முறைப்படி ஏற்ற வழியில்லை. அதனால் மறுபடி எதை ஏற்றுவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

லைவ் பென்டிரைவுக்குத்தான், அதாவது பென்டிரைவிலிருந்தே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத்தான், என் ஓட்டு. 8 ஜிபி பென்டிரைவ், லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதை பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தி பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். ‘இன்ஸ்டால்’ அழுத்தாதவரை ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. விண்டோஸில் வராத வைஃபை இங்கே வந்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, தகராறு விண்டோஸ் டிரைவரில்தான் என்று முடிவு கட்டிவிடலாம்.

வராவிட்டால் உடனே கார்டைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. லினக்ஸில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஹைஃபன், கே என்று சின்ன எழுத்தில் தட்டுங்கள். உள்ளே மாட்டியிருக்கும் கார்டுகளின் பட்டியலும், எதை எந்த டிரைவர் ஓட்டுகிறது என்பதும் வரும். கார்டு பட்டியலில் இருந்தும் டிரைவர் பெயர் இல்லையென்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது, டிரைவர்தான் கிடைக்கவில்லை. பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களில் இது சகஜம். அவற்றின் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும், சில சிப்களுக்கு இரண்டு லினக்ஸ் டிரைவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வரும். பட்டியலிலேயே கார்டு இல்லையென்றால் பயாஸில் முடக்கப்பட்டிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், கெட்டும் போயிருக்கலாம். சூடானபின் மட்டும் வரும் கோளாறைப் பிடிக்க வேண்டுமென்றால் பென்டிரைவிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இத்தனை சோதனையிலும் அகப்படாத மோதல் ஒன்று உண்டு. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ், ப்ளூடூத், பழைய வைஃபை மூன்றும் அதே அலைவரிசையில்தான். சுவரோடு சுவர் ஒட்டி வீட்டுக்கு வீடு ரூட்டர் இருக்கும் சால் எனப்படும் மும்பை வரிசை வீடுகளில் கேட்கவே வேண்டாம். மவுஸ் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) எதிர்ப்பக்கத்து யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினாலோ, சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தாலோ தீர்ந்துவிடும். ஃபார்மட்டால் இதைத் தொடக்கூட முடியாது.

கார்டு பட்டியலில் இல்லை, பயாஸிலும் முடக்கம் இல்லை என்று உறுதியான பிறகு கடைக்குப் போகலாம். தாதரில் வண்டி மாறி கிரான்ட் ரோடில் இறங்கினால் லேமிங்டன் ரோடு நடக்கிற தூரம்தான். வெறுங்கையோடு போனால் மூடியைத் திறப்பதற்கு முன்பே “ஃபார்மட் மார்னா படேகா” (ஃபார்மட் அடிக்க வேண்டியதுதான்) என்று சொல்லும் கடைகள் உண்டு. “பையா, லினக்ஸிலும் கார்டு டிடெக்ட் ஆகவில்லை, கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மும்பை மழைக்காலத்து ஈரத்தில் கார்டின் முனைகள் மங்கிப்போகும், கழற்றிச் சுத்தம் செய்தாலே சில வேலை செய்துவிடும். புதுக் கார்டு போடச் சொன்னால் மாடலைச் சரிபார்க்காமல் சம்மதிக்காதீர்கள். பழைய திங்க்பேட், ஹெச்பி மாடல்கள் சிலவற்றின் பயாஸ் தன் பட்டியலில் உள்ள கார்டுகளை மட்டுமே ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் திங்க்பேட் 1802 என்ற பிழையோடு பூட் ஆகாமல் நின்றுவிடும்.

அந்தக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டால் யூஎஸ்பி வைஃபை டாங்கிளே நல்லது. சில நூறு ரூபாயில் முடியும், பயாஸும் தடுக்காது. 5 கிகாஹெர்ட்ஸும் எடுக்கும் டூயல் பேண்ட் டாங்கிளாக வாங்குங்கள், பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசலிலிருந்து தப்பலாம். லினக்ஸும் பயன்படுத்துவதாக இருந்தால் கடையிலேயே பென்டிரைவில் பூட் செய்து, டாங்கிள் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய கார்டை பயாஸில் முடக்கிவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் இணையப் பார்க்கும் குழப்பம் இருக்காது.