உங்கள் இணையதளம் யார் பெயரில் இருக்கிறது? ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நீலகிரியில் ஹோம்ஸ்டே, சிறிய விடுதி, தைலக் கடை, தேயிலைத் தூள் கடை என்று ஏதாவது ஒன்றை நடத்திக்கொண்டு, இணைய விளம்பரத்துக்கு வெளியாளை அமர்த்தியிருப்பவர்கள் இதை முழுவதும் படியுங்கள். கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்துக்கு மாதாமாதம் பணமும் கொடுத்து, கடைசியில் எங்கள் விடுதியின் பெயரையே அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டியதாகிவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் வழியில் நானும் என் கணவரும் சில அறைகளை வாடகைக்கு விடுகிறோம். 2023-இல் முதல் சீசனுக்கு (ஏப்ரல், மே) முன்பு இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தார்கள். இணையதளம், கூகுள் மேப்பில் பெயர், கூகுள் விளம்பரம், இன்ஸ்டாகிராம், மாதம் ஒரு அறிக்கை, எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய்; அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அந்தப் பதினைந்தில் ஒன்பதாயிரம் நேராகக் கூகுள் விளம்பரத்துக்குப் போய்விடும் என்றார்கள். "மேடம், நீங்கள் எதையும் தொட வேண்டாம். வருகிற விருந்தாளிக்கு டீ போட்டுக் கொடுத்தால் போதும்" என்று சிரித்தார் அவர்களில் மூத்தவர். எதையும் தொடவிடாமல் வைத்திருப்பதுதான் அவர்களுடைய தொழிலே என்பது பிறகு விளங்கியது.

அறிக்கை தவறாமல் வந்தது. பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டே போகும் கோடு, ஆயிரக்கணக்கில் பார்வையாளர்கள், "அழைப்பு" என்ற தலைப்பின் கீழ் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை. அறைகள் மட்டும் வார நாட்களில் பூட்டியே கிடந்தன. கேட்டால், "பெயர் பரவிக்கொண்டிருக்கிறது மேடம், பலன் பின்னால் வரும்" என்பார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததும் அவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. கூட்டம் குறைந்ததெல்லாம் இ-பாஸால்தான் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, குழப்பத்தில் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் எங்களுக்கே தெரியும். ஆனால் எங்கள் அறைகள் அதற்கு முந்தைய மாதங்களிலும் காலியாகத்தானே இருந்தன?

அந்த நேரத்தில்தான் என் கொழுந்தனார் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. அறிக்கையைப் புரட்டிப் பார்த்தவன், தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் கணக்கைப் பார்க்கும் அனுமதியையாவது வாங்கித் தரச் சொன்னான். நிறுவனம் பல நாள் இழுத்தடித்து, கடைசியில் பார்வையாளர் என்ற மிகக் கீழ்நிலை அனுமதியைக் கொடுத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், எங்கள் தளத்துக்கு அதிகமாக வந்தவர்கள் சென்னைக்காரர்களும் இல்லை, பெங்களூர்க்காரர்களும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஆஷ்பர்ன் என்ற ஊர்க்காரர்கள்! அங்கே இருப்பவை பெரும்பாலும் தரவு மையங்கள், அதாவது கட்டடம் கட்டடமாகக் கணினிகள். அங்கிருந்து வந்த "பார்வையாளர்" ஒவ்வொருவரும் பக்கத்தைத் திறந்த கணத்திலேயே போயிருந்தார். தங்கிய நேரம் சுழியம். மனிதர் போலத் தளங்களைத் திறந்து மூடும் தானியங்கி நிரல்கள் இவை. தெரிந்த நிரல்களை அனலிட்டிக்ஸ் தானாகவே கழித்துவிடும், ஆனால் எல்லாவற்றையும் அதனால் பிடிக்க முடியாது. கூகுள் ஒரு வருகையை ஈடுபாடுள்ள வருகை என்று கணக்கிட வேண்டுமானால், வந்தவர் பத்து வினாடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கங்களாவது பார்க்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்துவைத்த செயல் ஒன்றைச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு நிறுவனத்தின் அறிக்கையில் எந்த மாதமும் இடம்பெற்றதில்லை. அதை வைத்துப் பார்த்தால் பச்சைக் கோடு தரையில் படுத்துவிடும்.

"அழைப்பு" எண்ணிக்கை இன்னும் மோசம். தொலைபேசிப் பொத்தானை விருந்தாளி அழுத்தினால் பதிவாக வேண்டிய நிகழ்வை, பக்கம் திறந்தாலே பதிவாகும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே ஆஷ்பர்ன் கணினிகள் எல்லாம் எங்களுக்குப் போன் செய்தவர்களாகக் கணக்கில் ஏறின. அவர்கள் வாயாலேயே மாட்டிக்கொண்ட இடம் வேறொன்று: 2024 மே மாத அறிக்கையில் ஒட்டியிருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸுடையது. அந்த இலவசப் பதிப்பு 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புதிய வருகைகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நின்றுபோன மீட்டரில் 2024-ஆம் வருட ரீடிங் எப்படி வந்தது என்று கேட்டோம். "டிசைன் குழு செய்த தவறு" என்று பதில் வந்தது.

விளம்பரப் பணத்துக்கு வருகிறேன். கூகுள் விளம்பரக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. மற்றவர்கள் சார்பில் விளம்பரம் நடத்தும் நிறுவனங்கள், வாடிக்கையாளர் கேட்டால் அந்த எண்ணைத் தர வேண்டும். எவ்வளவு செலவானது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை மாதம் ஒருமுறையாவது தெரிவிக்க வேண்டும். இது கூகுளே வகுத்திருக்கும் விதி. நாங்கள் எண்ணைக் கேட்டபோது, "பல வாடிக்கையாளர்களின் கணக்கு ஒன்றாக இருக்கிறது, ரகசியம் காக்க வேண்டும்" என்றார்கள். கூகுள் கொடுத்த ரசீதைக் கேட்டபோது அவர்களுடைய சொந்த பில்லையே மறுபடி அனுப்பினார்கள். ஒன்பதாயிரத்தில் எவ்வளவு உண்மையில் கூகுளுக்குப் போனது என்பது இன்றுவரை அவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சம்.

போன தொகையும் எங்கே போனது என்று பாருங்கள். எங்கள் விடுதியின் பெயரையே தேடுசொல்லாக வைத்து விளம்பரம் ஓடியிருக்கிறது. எங்கள் பெயரைத் தட்டித் தேடுபவர் ஏற்கெனவே எங்களை அறிந்தவர். விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார். அந்தச் சொடுக்கு மலிவு, அறிக்கையில் பார்க்க அழகு. "கோத்தகிரியில் தங்க இடம்" என்று தேடும் புது ஆளைப் பிடிப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை, அதைச் செய்யவே இல்லை. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. விளம்பரம் காட்ட வேண்டிய இடமாக நீலகிரியைக் குறித்து, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள் போலும். இங்கே கோத்தகிரியிலேயே டானிங்டன் பக்கம் கடை வைத்திருக்கும் தையல்காரர், "அக்கா, உங்கள் விளம்பரம் என் போனில் தினமும் வருகிறது" என்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அறை எடுப்பாரா?

இவ்வளவும் பணம் போன கதை. அடுத்து நடந்தது அதைவிடக் கொடுமை.

இரண்டாம் சீசனுக்கு (செப்டம்பர், அக்டோபர்) முன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதி அனுப்பினோம். கொழுந்தனார் மகன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உட்கார்ந்தான். டாட் காம் முகவரி அவர்கள் பெயரில். அனலிட்டிக்ஸ் அவர்களுடைய ஜிமெயிலில். கூகுள் மேப்பில் எங்கள் விடுதியின் பிசினஸ் புரொஃபைலுக்கு உரிமையாளரும் அவர்களே. இன்ஸ்டாகிராம் மீட்கும் எண்ணாகக்கூட அவர்களுடைய கைபேசி எண்தான் இருந்தது. "பெரியம்மா, இதில் எங்குமே நம் பெயர் இல்லையே" என்றான். வீட்டை நாம் கட்டி, வரியும் நாம் கட்டி, பட்டா மட்டும் மேஸ்திரி பெயரில் இருந்தால் எப்படியோ அப்படி. இரண்டு பக்க ஒப்பந்தத்தில் "சொத்துகளை ஒப்படைத்தல்" பற்றி ஒரு வரிகூட இல்லை. "உருவாக்கப்பட்டவை அனைத்தும் நிறுவனத்துக்குச் சொந்தம்" என்ற வரி மட்டும் சிறிய எழுத்தில் இருந்தது. ஒப்படைக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார்கள். மறுத்தோம்.

சில நாட்களில் எங்கள் போன் ஒலிப்பது நின்றது. இரண்டாம் சீசன் வார இறுதி, ஒரு அழைப்புகூட இல்லை. பிறகு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், வயதான அம்மாவோடும் கைக்குழந்தையோடும், மேட்டுப்பாளையம் வழியாக ஏறி இருட்டும் நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்பணம் கட்டிவிட்டோம் என்றார்கள். எங்களிடம் அப்படி ஒரு பதிவே இல்லை. அவர்கள் காட்டிய எண்ணும் எங்களுடையதில்லை. கூகுள் மேப்பில் எங்கள் விடுதியின் பெயருக்கும் எங்கள் வீட்டுப் படங்களுக்கும் கீழே யாரோ ஒரு அறை ஏஜென்ட்டின் எண்ணைப் போட்டிருந்தார்கள். உரிமையாளர் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் எண்ணை மாற்றலாம், மாற்றியிருக்கிறார்கள். அந்த ஈரோட்டுக்காரர் எங்களைத் திட்டினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன். இருந்த அறையைக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவரை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவைத்தோம். பணம் போனவுடன் சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு அந்த நேரம் கடந்திருந்தது.

மீட்ட வழியையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பிசினஸ் புரொஃபைலில் உரிமை கோரும் இணைப்பு இருக்கிறது. கோரிக்கை வைத்தால் இப்போதைய உரிமையாளருக்குப் பதிலளிக்க மூன்று நாள் அவகாசம். அவர்கள் மறுத்தார்கள். மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு: மின் கட்டண ரசீது, உரிமம் ஆகியவற்றை அனுப்பினோம். பெயர்ப்பலகை, சாலை, வரவேற்பறை, அறைச் சாவிகள் எல்லாம் தெரியும்படி நிறுத்தாமல் எடுத்த ஒரே வீடியோவையும் அனுப்பினோம். சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அதை ஏற்றியது தனிக் கூத்து. உரிமை திரும்பியது, பழைய விருந்தாளிகளின் விமர்சனங்களும் அப்படியே கிடைத்தன. முதல் வேலையாக அவர்களுடைய மின்னஞ்சல்களை நீக்கி, எண்ணை மாற்றினோம்.

டாட் காம் முகவரி கிடைக்கவில்லை. இணைய முகவரிகளைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தின் கண்ணுக்கு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நாம் பணம் கொடுத்தோம் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒற்றை நடுவருக்கே கட்டணம் 1,500 டாலர். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது ஒரு சீசன் வருமானம். டாட் இன் முகவரி ஒன்றை எங்கள் பெயரிலேயே பதிவு செய்து புதிதாகத் தொடங்கினோம். அனலிட்டிக்ஸின் பழைய பதிவுகளும் போயின. உண்மையைச் சொன்னால், ஆஷ்பர்ன் கணக்குக்காக அழ யாரும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஊட்டியில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டோம். வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது, ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவர்கள் என்ற அடிப்படையில் வாதிட்டுப் பார்க்கலாம் என்றார். எங்கள் மனு அந்த அடிப்படையில்தான் போயிருக்கிறது.

ஆள் அமர்த்துவதற்கு முன் கேளுங்கள்: டொமைன், அதாவது இணையதள முகவரி, யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகும்? உங்கள் மின்னஞ்சலில் என்று சொல்லாத ஆளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அனலிட்டிக்ஸ், விளம்பரக் கணக்கு, பிசினஸ் புரொஃபைல் மூன்றையும் நீங்கள் தொடங்கி, அவர்களை அதற்குள் அழையுங்கள். புரொஃபைலில் மேலாளர் என்ற நிலை அவர்களுக்குப் போதும். விளம்பரத் தொகையை உங்கள் கார்டிலிருந்தே கட்டுங்கள். கூகுள் ரசீது உங்கள் பெயருக்கு வரும். இதற்கெல்லாம் வேண்டியது ஒரு ஜிமெயிலும் ஒரு மத்தியான நேரமும்தான். இதையும் நாங்களே செய்து தருகிறோம், வருகிற ஓ.டி.பி.யை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம், விருந்தாளிகளுக்கு. பழைய டாட் காம் முகவரி இன்னும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. எங்கள் வராந்தா, எங்கள் தேயிலைச் சரிவு, என் கணவர் நிற்கும் படம் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. கீழே உள்ள எண் மட்டும் வேறு. அதற்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கோத்தகிரியில் எந்த வீட்டில் அறை எடுத்தாலும் பணம் அனுப்பும் முன் கூகுள் மேப்பில் உள்ள எண்ணையும் தளத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டுக்குமே பேசிவிட்டு, வாசலில் நின்று வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.