கை நடுக்கத்துக்கு மின்கம்பியா, ஒலி அலையா?

எசென்ஷியல் டிரெமர் என்ற கை நடுக்க நோய்க்கு அறுவை சிகிச்சை என்ற பேச்சு, இரண்டு மாத்திரைகளை உரிய அளவுக்கு ஏற்றிப் பார்த்த பிறகுதான் எழ வேண்டும். ஒன்று புரோப்ரனலால். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இடம் கொடுத்தால் நாளுக்கு 240, சிலருக்கு 320 மி.கி. வரை போகலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றது ப்ரிமிடோன். இரவில் 25 மி.கி. என்று தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல 250, தேவைப்பட்டால் 750 மி.கி. வரை ஏற்றுவது. எடுத்த எடுப்பிலேயே 250 போட்டு, தலைசுற்றி வாந்தி எடுத்து, "இது எனக்கு ஒத்துக்காது" என்று நிறுத்தியவர்கள் நிறைய. அதேபோல 20 மி.கி. புரோப்ரனலாலை ஒரு மாதம் விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பதும் கணக்கில் சேராது.

நோய் இதுதானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் ஆடுவது எசென்ஷியல் டிரெமர். மடியில் சும்மா கிடக்கும் கை ஆடினால் பார்க்கின்சன் பக்கம் யோசிக்க வேண்டும். தைராய்டு மிகுதி, ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்தான லித்தியம் எல்லாமே நடுக்கத்தைக் கொண்டுவரும். இவை காரணம் இல்லை என்று உறுதிசெய்யாமல் மண்டையில் துளை போடக் கூடாது.

இதெல்லாம் தாண்டியும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால், வழிகள் நான்கு.

இலக்கு ஒன்றே

நடுக்கத்தை ஓட்டும் நரம்புச் சுற்று சிறுமூளையிலிருந்து தலாமஸ் வழியாக மூளையின் இயக்கப் புறணிக்கு ஏறுகிறது. தலாமஸில் 'விம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறிய உட்கருவில் அந்த ஓட்டத்தைக் குலைத்தால் எதிர்ப்பக்கக் கை அடங்கும்; வலது கைக்கு இடது விம். குலைக்க இரண்டே விதம்: அந்த இடத்தை அழித்துவிடுவது, அல்லது மின்துடிப்பால் ஓயாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பது. இரண்டாவதுதான் ஆழ்மூளைத் தூண்டல் என்கிற டிபிஎஸ். அழிப்பதற்கு ரேடியோ அலையில் சூடாகும் ஊசி, காமா கதிர், குவித்த ஒலி அலை என்று மூன்று கருவிகள் இருக்கின்றன.

விம்முக்குப் பின்னால் தொடு உணர்வுக்கான உட்கரு இருக்கிறது. வெளிப்புறத்தில் கை, கால், நாக்கை இயக்கும் நரம்பிழைக் கட்டு. இரண்டு மில்லிமீட்டர் பின்னே விலகினால் விரலும் உதடும் மரத்துப்போகும். வெளியே விலகினால் பேச்சு குழறும், கை வலுவிழக்கும். எந்த முறைக்கும் பக்கவிளைவுப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். வித்தியாசம், விலகிவிட்ட பிறகு சரிசெய்ய முடியுமா என்பதில்.

டிபிஎஸ்: திருத்தலாம், ஆனால் பராமரிக்க வேண்டும்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் 1987-இல் தொடங்கிவைத்த முறை இது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் நடுக்கத்துக்கு அனுமதித்தது. மூன்று பாகங்கள்: நுனியில் குறைந்தது நான்கு மின்முனைகள் கொண்ட, 1.27 மி.மீ. தடிமனுள்ள கம்பி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கும் இணைப்பு வயர், காறை எலும்புக்குக் கீழே வைக்கப்படும் பேட்டரியுடன் கூடிய துடிப்புக் கருவி.

அறுவையன்று மரத்துப்போக ஊசி போட்டுத் தலையில் சட்டகம் பொருத்தி, சிடி எடுத்து, முன்பே எடுத்த எம்ஆர்ஐ படத்தோடு பொருத்தி இலக்கைக் கணக்கிடுவார்கள். கம்பி இறங்கும்போது நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார். சுருள் கோடு வரையச் சொல்லி, கிளாஸைத் தூக்கச் சொல்லி, மின்சாரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அன்று காலை நடுக்க மாத்திரையை நிறுத்தச் சொல்வதுண்டு. இதய நோயாளி புரோப்ரனலாலைத் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். மார்பில் கருவி வைக்கும் பகுதி முழு மயக்கத்தில் நடக்கும்.

கம்பி நுழைந்த வீக்கத்தாலேயே முதல் சில நாட்கள், கருவியை இயக்காமலே கை அடங்கியிருக்கும். வீட்டார் கொண்டாடிவிடுவார்கள். வீக்கம் வற்றியதும் நடுக்கம் திரும்பும். அது தோல்வி இல்லை. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. 130 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் அதிர்வெண், 60 முதல் 90 மைக்ரோவினாடித் துடிப்பகலம் என்று வைத்து, ஒவ்வொரு மின்முனையாக மின்னோட்டத்தை ஏற்றி, எங்கே நடுக்கம் நிற்கிறது, எங்கே நாக்கு தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். முதல் ஆறு மாதத்தில் பல முறை போய்வர வேண்டியிருக்கும். இதைத் தெரிந்தவர் இல்லாத ஊரில் டிபிஎஸ் வைத்துக்கொள்வது கிணறு வெட்டிவிட்டுக் கயிறு இல்லாமல் நிற்பதுதான்.

என்ன கெடும்? மூளைக்குள் ரத்தக்கசிவு ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு. அதைவிட அடிக்கடி வருவது கிருமித்தொற்று. மார்புக் கருவியைத் தொற்று பிடித்துவிட்டால் பெரும்பாலும் கருவியைக் கழற்ற வேண்டிவரும். மெலிந்த முதியவர்களுக்கு வயர் தோலை அரித்து வெளியே வரலாம். சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு. நடுக்கத்தை அடக்க மின்னோட்டத்தைக் கூட்டி வைத்திருந்தால் அதற்கு முன்பே தீரும். ரீசார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டோ அதற்கு மேலோ உழைக்கும், ஆனால் வாரத்துக்குச் சில முறையாவது சார்ஜ் போட ஒழுங்கு வேண்டும். பேட்டரி சட்டென்று நின்றால் நடுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். சிலருக்கு ஆண்டுகள் போகப் போகப் பலன் மங்குகிறது. தூங்கும்போது ரிமோட்டில் அணைத்துவைப்பது பேட்டரியையும் மிச்சப்படுத்தும், மூளை பழகிப்போவதையும் தள்ளிப்போடலாம் என்று பல மையங்கள் அறிவுறுத்துகின்றன.

நம் ஊரில் அதிகம் சொல்லப்படாத ஒரு எச்சரிக்கை: முதுகுவலிக்கோ முழங்காலுக்கோ பிசியோதெரபியில் கொடுக்கும் டயாதெர்மி வெப்பம் டிபிஎஸ் வைத்தவருக்குக் கூடவே கூடாது. கம்பி வழியாகச் சூடு மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமானால் கருவி அட்டையைக் காட்டி, அதற்குரிய அமைப்பில் வைத்த பிறகே எடுக்க வேண்டும்.

குவித்த ஒலி அலை: ஒரே நாள், ஒரே சூடு

இஸ்ரேலின் இன்சைடெக் நிறுவனக் கருவி இது. தலையைச் சுற்றி 1,024 ஒலிமூலங்கள் கொண்ட கவிகை. எல்லா அலையும் விம்மில் ஒன்றுகூடும் இடத்தில் மட்டும் சூடு ஏறும். தலைமுடியை முழுக்க மழித்து, சட்டகம் பொருத்தி, மண்டைக்கும் கவிகைக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஓடவிட்டு, எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள்ளேயே படுக்க வைப்பார்கள். முதலில் 50 டிகிரிக்கு உட்பட்ட சோதனைச் சூடு. கை அடங்குகிறதா, உதடு மரக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். சரியென்றால் 55 முதல் 60 டிகிரி. அந்த இடம் நிரந்தரமாக அழியும். துளை இல்லை, கம்பி இல்லை. மேசையிலிருந்து எழும்போதே கையெழுத்து நேராக இருக்கும்.

2016-இல் வெளியான, 76 பேரை வைத்த ஆய்வில் கை நடுக்க மதிப்பெண் (கூடினால் நடுக்கம் அதிகம்) 18.1-இலிருந்து மூன்று மாதத்தில் 9.6-க்கு இறங்கியது. ஓராண்டில் 10.9. அதாவது சற்றுத் திரும்பி வருகிறது. நடைத் தள்ளாட்டம் 36 சதவீதம் பேருக்கு வந்தது, ஓராண்டுக்குப் பின் 9 சதவீதத்தில் நிலைத்தது. மரத்துப்போதல் 38-இலிருந்து 14 ஆனது. நிலைத்துவிட்ட அந்தச் சிலருக்கு ரிமோட் இல்லை. இதைத்தான் "கத்தியில்லாத சிகிச்சை" என்ற விளம்பரம் மறைக்கிறது. மூளையில் காயம் உண்டு, தோலில் மட்டும்தான் இல்லை.

எல்லோருக்கும் செய்யவும் முடியாது. மண்டை எலும்பின் அடர்த்தி விகிதம் (நடுவிலுள்ள மென்பகுதிக்கும் வெளி ஓட்டுக்கும் உள்ள விகிதம்) 0.40-க்குக் கீழே இருந்தால் ஒலி எலும்பிலேயே சிதறி, இலக்கு சூடாகாது. இதற்கு ஒரு சிடி போதும். பயணம், பணம், விடுப்பு என்று எதையும் திட்டமிடுமுன் இதை எடுத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் வகை எம்ஆர்ஐக்கு ஒத்துவராதது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்த முடியாத நிலை, மூடிய இடத்தில் மூச்சுமுட்டும் பயம் எல்லாம் தடை. கோயம்புத்தூரிலும் இந்தக் கருவி வந்துவிட்டது.

காமா கதிர், ரேடியோ அலை ஊசி

காமா கதிரைக் குவிக்கும் 'காமா நைஃப்' கருவியில் 130 முதல் 140 கிரே (கதிரளவின் அலகு) கதிரை ஒரே தடவையில் பாய்ச்சுவார்கள். பலன் தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகும். முன்கூட்டிச் சோதிக்க வழியில்லை; சிலருக்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிய காயம் உருவாகி, கை கால் வலுவிழப்பது உண்டு. ரத்தம் நீர்க்கும் மருந்தை நிறுத்தவே முடியாத முதியவர் என்றால் ஒழிய இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்.

ரேடியோ அலை ஊசியை 'பழைய முறை' என்று ஒதுக்குவது அவசரம். துளை உண்டு, கசிவு அபாயம் உண்டு. ஆனால் 42 முதல் 45 டிகிரியில் சோதித்துவிட்டு 70 முதல் 75 டிகிரியில் ஒரு நிமிடம் சுடலாம். உள்ளே எதையும் விட்டுவைப்பதில்லை, பேட்டரிச் செலவும் இல்லை. பல லட்சம் ரூபாய்க் கருவிக்கு வழியில்லாத ஒருவருக்கு, அனுபவமுள்ள கையில் இது நல்ல முறை. 2000-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, நடுக்கத்தால் முடங்கிய 68 பேரில் (பெரும்பாலும் பார்க்கின்சன் நோயாளிகள்) இதையும் டிபிஎஸ்ஸையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. நடுக்கம் அடங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு, ஊசியால் சுடும் சிகிச்சை பெற்றவர்களில் 16 பேருக்கு, டிபிஎஸ் வைத்தவர்களில் 6 பேருக்கு. ஆனால் ரத்தக்கசிவால் இறந்த ஒருவர் டிபிஎஸ் பக்கம்தான்.

யாருக்கு எது

இரண்டு கையும் ஆடுகிறது, தலையும் குரலும் சேர்ந்து ஆடுகிறது என்றால் டிபிஎஸ். இருபக்கமும் சுட்டால் பேச்சும் விழுங்குதலும் கெடும் அபாயம் கூடுதல். ஒலி அலையை இரண்டாம் பக்கத்துக்கு எஃப்டிஏ 2022 டிசம்பரில் அனுமதித்தது உண்மை. முதல் பக்கத்துக்குப் பின் குறைந்தது ஒன்பது மாத இடைவெளி விட்டுத்தான். இருபக்க டிபிஎஸ்ஸிலும் பேச்சு குழறத்தான் செய்யும், ஆனால் ஒரு பக்கத்தைக் குறைத்துவைத்துப் பேச்சை மீட்கலாம். சாப்பிடும் நேரத்துக்கு ஒரு அமைப்பு, மேடையில் பேசும் நேரத்துக்கு வேறொன்று என்று ரிமோட்டில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

எழுபதைத் தாண்டிய வயது, எழுதும் கை ஒன்று மட்டும் அடங்கினால் போதும், அடிக்கடி பெரிய ஊருக்குப் போய்வர ஆளில்லை, எலும்பு அடர்த்தி சரியாக இருக்கிறது என்றால் ஒலி அலை. நடை ஏற்கெனவே தள்ளாடுபவருக்கு மட்டும் தயங்குவோம்: ஒற்றையடி வைத்து நடக்கச் சொல்லிப் பார்த்து, தடுமாறினால், நிரந்தரக் காயத்தைவிடத் திருத்தக்கூடிய கம்பியே மேல். ஐம்பது வயதுக்காரருக்கும் அப்படியே. இன்னும் முப்பது ஆண்டில் இந்த நோய் மெல்ல வளரும். வளரும் நோயோடு சேர்த்து ஏற்றிக்கொள்ள இடமுள்ள முறை அவருக்குத் தேவை.

ஒன்றைச் செய்தால் மற்றது அடைபட்டுப்போவதில்லை. ஒலி அலைக்குப் பின் நடுக்கம் திரும்பினால் அதே பக்கத்தில் டிபிஎஸ் வைக்கலாம். தொற்றால் டிபிஎஸ்ஸைக் கழற்றியவருக்குப் புண் ஆறிய பின் சுடும் முறைகளில் ஒன்றைச் செய்யலாம்.