லினக்ஸ் எம்டி ரெய்டு: என் கல்யாணப் படங்களைக் காத்த மென்பொருள்

எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் நாலு டிஸ்க் ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்படி பிரித்து எழுதும் முறை) இருக்கின்றன. தனி ரெய்டு கார்டு கிடையாது, டிஸ்குகளை இணைத்து நடத்தும் லினக்ஸின் எம்டி மென்பொருள் மட்டும்தான். போன மாதச் சோதனை ஓட்டத்தில் ஒரு டிஸ்கில் சில செக்டர்களை, அதாவது தரவு எழுதும் சிறு பகுதிகளை, படிக்க முடியவில்லை. எம்டி உடனே டிஸ்கைக் கழற்றவில்லை. மற்ற மூன்றிலிருந்தும் தரவைக் கணக்கிட்டு, அதே இடத்தில் எழுதி, மறுபடி படித்துப் பார்த்தது. ஒரு படம்கூடப் போகவில்லை! எழுதவே முடியாவிட்டாலோ பிழைகள் பெருகினாலோதான் டிஸ்கை விலக்கும்.

ஒரு குறை. சாதாரண டிஸ்குகள் சில, கெட்ட செக்டரோடு நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 30 வினாடிதான் பொறுக்கும். அதனால் தேறக்கூடிய டிஸ்கும் வெளியே போய்விடும். ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற டிஸ்க் கட்டளைக் கருவியைக் கொண்டு டிஸ்கின் முயற்சியை 7 வினாடிக்குள் நிறுத்துங்கள். டிஸ்க் அதை ஏற்காவிட்டால், கர்னலின் காத்திருப்பை 180 வினாடியாக உயர்த்துங்கள். கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப அமைக்க வேண்டும். நான் தொடக்க ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட்டேன்.