லிங்க் ஹோவர் நிறம்: பல வருடங்கள் எழுதிப் பார்த்ததில்

லிங்க் மேல் மவுஸ் போனால் நிறம் மாற வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி வேலை. பல வருடங்களாக இதை எழுதியும் பராமரித்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நிறத்தை மட்டும் நம்பி லிங்கை விட்டுவிடக் கூடாது.

முதலில் வரிசை. லிங்க் (இன்னும் திறக்காதது), விசிட்டெட் (ஏற்கெனவே திறந்தது), ஹோவர் (மவுஸ் மேலே நிற்பது), ஆக்டிவ் (அழுத்தும் கணம்) என்ற நான்கு நிலைகளின் விதிகளுக்கும் ஒரே முன்னுரிமை என்பதால், கடைசியில் எழுதியதுதான் செல்லும். விசிட்டெட்டை ஹோவருக்குக் கீழே போட்டால், ஏற்கெனவே திறந்து பார்த்த லிங்குகளில் ஹோவர் நிறம் வரவே வராது. புது லிங்கில் ஒழுங்காக வேலை செய்வதால் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. "சில லிங்க் மட்டும் மாற மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

விசிட்டெட்டில் நிறம் சார்ந்த சில பண்புகளைத் தவிர வேறெதையும் மாற்ற முடியாது. நீங்கள் எங்கெல்லாம் போய் வந்தீர்கள் என்பதை ஒரு தளம் இந்த வழியாக உளவு பார்க்க முடிந்ததால், 2010-இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா இந்தக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மற்ற பிரவுசர்களும் பின்பற்றின. எனக்கு இதில் முழு உடன்பாடு.

நிறத் தேர்வுக்கு வருவோம். ஹோவரில் நிறத்தை வெளிறச் செய்வது அழகு என்று பலர் நினைக்கிறார்கள். வாசகர் அந்தச் சொல்லைக் குறிவைத்துப் பார்க்கும் அதே நொடியில் அதை மங்கவைப்பது என்ன நியாயம்? வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய 4.5:1 வெளிச்ச வேறுபாட்டை மயிரிழையில் தாண்டும். #777777 தாண்டாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. வெள்ளைப் பின்னணி என்றால் ஹோவரில் நிறத்தை அடர்த்தியாக்குவதே என் வழக்கம்.

அதோடு அடிக்கோடு. கட்டுரைக்குள் வரும் லிங்குகளில் நான் அதை எடுப்பதே இல்லை. ஹோவரில் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் போதும், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் மாற்றம் தெரியும். எழுத்தையே போல்டாக்கினால் அகலம் கூடி வரி குதிக்கும், அது வேண்டாம். டிரான்சிஷனை, அதாவது மாற்றம் நடக்க எடுக்கும் நேரத்தை, 150 மில்லி விநாடி வைத்தால் இதமாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் பக்கமே மெத்தனமாகத் தோன்றுகிறது.

அப்புறம் மொபைல். விரலுக்கு ஹோவர் கிடையாது, ஆனால் தட்டிய பிறகு ஹோவர் நிறம் சில சமயம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஹோவர் வசதியுள்ள சாதனங்களுக்கு மட்டும் என்று ஒரு மீடியா குவரிக்குள் (சாதனத்தைப் பொறுத்து விதியை இயக்கும் நிபந்தனை) விதியை அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கீபோர்டில் டேப் அழுத்தி நகர்பவருக்கு எந்த லிங்கில் நிற்கிறார் என்று காட்டும் ஃபோகஸ்-விசிபிள் விதியை மட்டும் அந்த மீடியா குவரிக்கு வெளியே தனியாக எழுதுங்கள், மவுஸ் இல்லாதவருக்கும் அது வேண்டும்.