பத்து மாதம் தொடாத ஆவணம்: ஸ்பிங்க்ஸா, டாக்குசாரஸா, எம்கேடாக்ஸா?

ஓசூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். எழுதுவது பைத்தானில். பெங்களூரா காய் லோடு லோடாக வந்து இறங்கும் சீசனில்தான் மென்பொருளுக்கும் அதன் ஆவணத்துக்கும் வேலை, மற்ற மாதங்களில் இரண்டையும் யாரும் திறப்பதில்லை. தலைப்பில் உள்ள மூன்றும், எளிய உரைக் கோப்புகளிலிருந்து ஆவண வலைத்தளம் உருவாக்கித் தரும் கருவிகள். முதலில் டாக்குசாரஸ் வைத்திருந்தோம், 2024 சீசனுக்கு முன்னால் எம்கேடாக்ஸுக்கு மாறினோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எம்கேடாக்ஸ்.

தோற்றம், தேடல் வசதி, கைப்பேசியில் படிக்க முடிவது எல்லாம் மூன்றிலும் நன்றாகவே இருக்கிறது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: பத்து மாதம் கழித்துத் திறந்து ஒரு வரியைத் திருத்தினால், அன்றைக்கே பில்ட் ஆகுமா, அதாவது பிழையில்லாமல் தளமாக உருவாகுமா?

டாக்குசாரஸில் எங்களுக்கு ஆகவில்லை. இரண்டாம் பதிப்பில் எழுதி வைத்திருந்தோம். அப்புறம் புது லேப்டாப் வாங்கினோம், சரி, 2023 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்புக்கே போய்விடலாம் என்று ஏற்றினால் பக்கத்துக்குப் பக்கம் பிழை. காரணம் சின்னதுதான். மார்க்டவுன் என்பது சில எளிய குறிகளோடு உரை எழுதும் முறை. டாக்குசாரஸ் அதை வெறும் மார்க்டவுனாகப் படிப்பதில்லை, எம்டிஎக்ஸ் என்று ரியாக்ட் (வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) நிரலோடு கலந்து படிக்கிறது. மூன்றாம் பதிப்பில் வந்த எம்டிஎக்ஸ் இன்னும் கறார். நாங்கள் "லோடு <5 டன் என்றால்" என்று எழுதியிருந்த இடத்தில் அந்தக் குறியை ஒரு டேக்கின் (நிரல் குறிச்சொல்லின்) தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு பில்டையே நிறுத்திவிட்டது. நெளிவு அடைப்புக்குறி வந்த இடங்களிலும் அதே கதை. முதல் லாரி வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ரியாக்ட் தெரியாத மூன்று பேர் உட்கார்ந்து இதையெல்லாம் தேடித் திருத்திக்கொண்டிருந்தோம்.

எம்கேடாக்ஸில் ஒரே ஒரு யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதி வைக்கும் உரைக் கோப்பு), அப்புறம் மார்க்டவுன் பக்கங்கள், அவ்வளவுதான். பைத்தான் ஏற்கனவே இருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு கோப்பில் கட்டி வைத்துவிட்டால் அடுத்த வருடமும் அதே பதிப்புதான் இறங்கும். டாக்குசாரஸிலும் அப்படிக் கட்டலாம், ஆனால் அங்கே நோடு பொதிகள் (அது சார்ந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்புகள்) நூற்றுக்கணக்கில் வரும், பாதுகாப்பு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், அதை யாராவது பார்த்தே ஆகவேண்டும். இடம் மாற்றியபோது குறிப்புப் பெட்டிகளின் எழுத்துமுறையை மட்டும்தான் பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது. 2025 சீசனுக்கு முன் திறந்தோம், விலைப்பட்டியல் பக்கத்தைத் திருத்தினோம், அரை மணி நேரத்தில் முடிந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. காவேரிப்பட்டினம் பக்கம் ஓர் ஆலையில் இணைய இணைப்பு நம்பும்படி இல்லை. முகவரி அமைப்பில் ஒரு வரியை மாற்றி, எம்கேடாக்ஸுக்குத் தோற்றம் தரும் மெட்டீரியல் தீமின் ஆஃப்லைன் செருகுநிரலையும் போட்டால், பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்த ஆவணம் தேடலோடு அப்படியே திறக்கிறது.

ஸ்பிங்க்ஸ் மேல் எனக்குக் குறை இல்லை. பைத்தானின் சொந்த ஆவணத்துக்காகவே 2008இல் வந்தது. நிரலில் எழுதிய விளக்கத்தை எடுத்துக் கோப்பதிலும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரியாக இணைப்பு கொடுப்பதிலும் மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான். மற்ற நிரலர்கள் பயன்படுத்தும் நிரல் நூலகம் எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாம். எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம், பாதிப் பக்கங்களை எழுதுபவர் தருமபுரியில் இருக்கும் எங்கள் சர்வீஸ் ஆள். தலைப்புக்கு அடியில் போடும் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால்கூட எச்சரிக்கை தரும் அந்த எழுத்துமுறை அவருக்குப் பிடிபடவில்லை. மார்க்டவுனில் எழுத மிஸ்ட் என்ற வழி இருக்கிறது, அதை நான் ஒரு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன்.

எம்கேடாக்ஸ் பக்கம் ஒரு கவலையும் இருக்கிறது. மெட்டீரியல் தீம் 2025 நவம்பரில் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது, புது வசதிகள் இனி வராது. அதே குழு ஜென்சிகல் என்று புதிதாக ஒன்றை எழுதுகிறது, பழைய யாமல் கோப்பையே அது படிக்கும். அடுத்த சீசனுக்கு முன் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம், ஏதாவது இடித்தால் கட்டி வைத்த பழைய பதிப்பிலேயே அந்த சீசனும் போகும்.